ஒலிக்குறியும் ஒளிக்குறியும்: கொச்சங்காடியிலிருந்து கணினி உரைத்தொகுப்பி வரை

முன்னுரை

மனிதர் ஒருவர்க்கொருவர் செய்தி அறிவிக்கும் வழிகளுள் தலையாயவை இரண்டு. ஒன்று செவிவழி அறிவிப்பு. மற்றொன்று கண்வழி அறிவிப்பு. முரசு, மணி, சங்கு, கொம்பு, மனிதக் குரல் ஆகியன செவிவழிப்பட்டவை. கொடி, விளக்கு, தீப்பந்தம், எழுத்து ஆகியன கண்வழிப்பட்டவை. கணினியில் உரையைத் தட்டச்சிடவும் திருத்தவும் பயன்படும் உரைத்தொகுப்பிகளிலும் இவ்விரு வழிகளும் இடம்பெற்றுள்ளன. பயனர் செய்யவியலாத ஒன்றைச் செய்ய முற்படும்போது சில தொகுப்பிகள் ‘பீப்’ என ஒலிக்கின்றன; சில திரையை ஒருகணம் மின்னச் செய்கின்றன; சில பிழையுள்ள சொல்லின் கீழ்க் கோடிட்டுக் காட்டுகின்றன. இவற்றுள் எதனைத் தேர்வது என்பது மென்பொருள் அமைப்பைப் பற்றிய சிறுவினாவாகத் தோன்றலாம். எனினும் இவ்வினா கணினிக்கு மிக முற்பட்டது. வழிபாட்டு மரபுகளும் வணிகத் துறைமுகங்களும் வானாய்வுக் கூடங்களும் இதே வினாவை எதிர்கொண்டு தத்தமக்கு உகந்த விடையைக் கண்டுள்ளன. அவ்விடைகள் ஒருசேரக் காணக்கிடைக்கும் இடங்களுள் ஒன்று கேரள மாநிலம் கொச்சியில் மட்டாஞ்சேரிப் பகுதியைச் சேர்ந்த கொச்சங்காடி. அங்குத் தொடங்கி, உரைத்தொகுப்பியின் எச்சரிக்கைக் குறி வரை இவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவதும், தமிழ் உரைப்பதிப்புக்கு அதனால் பெறப்படும் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

தமிழ் இலக்கியங்களில் இருவகை அறிவிப்பு

பண்டைத் தமிழகத்தில் இருவகை அறிவிப்பும் வழக்கில் இருந்தமையைச் சங்க இலக்கியங்களும் காப்பியங்களும் காட்டுகின்றன. மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழாவின் வருகை யானைமேல் ஏற்றிய முரசை அறைந்து நகரத்தார்க்குத் தெரிவிக்கப்படுகிறது. முல்லைப்பாட்டில், நீர்க்கருவி கொண்டு பொழுதளந்தோர் பாசறையிலிருந்த மன்னனுக்கு நேரத்தை வாய்மொழியாக உரைக்கின்றனர். இவை செவிவழி அறிவிப்புக்குச் சான்றுகள்.

கண்வழி அறிவிப்புக்கும் சான்றுகள் குறைவல்ல. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் அசைந்த பலவகைக் கொடிகளை விரித்துரைக்கிறது. தெய்வம் உறையும் இடம், கற்றோர் வாதிடும் இடம், கள் விற்கும் இடம் என ஒவ்வோரிடத்தையும் கொடியே அறிவித்தது. பெரும்பாணாற்றுப்படை, உயர்ந்த மாடத்தில் ஏற்றிய விளக்கு கடலில் வரும் கலங்களை அழைத்ததைக் குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரம் கலங்கரை விளக்கத்தைப் பெயர் சுட்டியே கூறுகிறது.

இச்சான்றுகளைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலனாகிறது. நிகழ்வை அறிவிக்க ஒலியும், நிலையை அறிவிக்கக் கொடியும் விளக்கும் பயன்பட்டுள்ளன. விழா தொடங்கவிருக்கிறது என்பது நிகழ்வு; அதனை முரசு அறிவிக்கிறது. இங்கே கள் விற்கப்படுகிறது என்பது நிலை. அதனைக் கொடி அறிவிக்கிறது. ஒலி தோன்றி மறைவது. கொடி நின்று காட்டுவது. இவ்வேறுபாடு பின்னர் உரைத்தொகுப்பியைப் பற்றிப் பேசுமிடத்தும் பயன்படும்.

மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியும் இங்கு நோக்கத்தக்கது. கன்றை இழந்த பசு கடைவாயில் மணியை அசைத்த செய்தியைச் சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் எடுத்துரைக்கிறாள். பெரியபுராணம் அதனை விரித்துப் பாடுகிறது. அம்மணி முறையிடுவோர் எவராயினும் ஒரே ஒலியையே எழுப்பக்கூடியது. ஏதோ தவறு நேர்ந்துள்ளது என்பதை அது அறிவித்தது. தவறு யாது என்பதை அறிவிக்கவில்லை. காரணத்தை அறிய மன்னன் அமைச்சரை வினவ வேண்டியிருந்தது. அழைக்கும் திறன் மிகுதி, விளக்கும் திறன் குறைவு என்பது மணியின் இயல்பு. ஏறத்தாழ எல்லா மணிகளுக்கும் இது பொருந்தும்.

கொச்சங்காடி

பெரியாற்றில் 1341ஆம் ஆண்டு ஏற்பட்ட பெருவெள்ளத்தால் பழைய முசிறித் துறைமுகம் தூர்ந்து, கொச்சித் துறைமுகம் உருவாயிற்று என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. வணிகர் தெற்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். அடுத்த சில ஆண்டுகளிலேயே, அதாவது 1344இல், கொச்சங்காடியில் யூதர் தம் தொழுகைக்கூடத்தை எழுப்பினர். அக்கட்டடம் இன்று இல்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு, 1568இல் மட்டாஞ்சேரியில் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் வெளிச்சுவரில் பதிக்கப்பட்டுள்ளது.

ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘அங்காடி’ என்னும் சொல் தமிழறிஞர்க்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சி கூறும் நாளங்காடியும் அல்லங்காடியும், சிலப்பதிகாரம் கூறும் புகாரின் நாளங்காடியும் நினைவுகூரத்தக்கவை. கொச்சங்காடியில் உள்ள பழைமையான பள்ளிவாசலின் பெயர் செம்பிட்ட பள்ளி. செம்புத் தகடு வேய்ந்த கூரையால் வந்த பெயர் அது. இப்பள்ளிவாசல் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. ‘பள்ளி’ என்னும் சொல் தமிழில் சமண, பௌத்த உறைவிடங்களைக் குறித்துப் பின்னர்ப் ‘பள்ளிவாசல்’ என்னும் வழக்கில் நிலைபெற்றது. மலையாளத்தில் அது யூதர், கிறித்தவர், இசுலாமியர் ஆகிய மூவரின் வழிபாட்டிடத்தையும் குறிக்கிறது.

தமிழகத்தோடு கொச்சிக்கு இருந்த தொடர்புக்கு மற்றொரு சான்றும் உண்டு. பொன்னானியில் சமயக் கல்வியைப் பெருக்கிய முதலாம் சைனுத்தீன் மக்தூம் 1467இல் கொச்சியில் பிறந்தவர், 1522இல் மறைந்தார். இவர்தம் முன்னோர் மஅபர் என அரபியரால் வழங்கப்பட்ட தமிழகக் கிழக்குக் கடற்கரையிலிருந்து கொச்சிக்கு வந்தவர்கள். இவ்வாறு எபிரேயம், அரபு, தமிழ், மலையாளம், பின்னர் போர்த்துக்கீசியம், டச்சு எனப் பல மொழியினர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த இடம் இது. அத்தகைய இடத்தில் பொதுவான அறிவிப்பு எவ்வாறு அமையவேண்டும் என்பது நடைமுறைச் சிக்கலாகவே இருந்திருத்தல் வேண்டும்.

மூன்று மரபுகளின் தேர்வு

இசுலாமிய மரபில் தொழுகை அழைப்பு உருவான வரலாறு, ஒலிக்கும் ஒளிக்கும் இடையே வெளிப்படையாகவே நிகழ்ந்த ஒரு தேர்வாகும். மதீனாவில் தொழுகை நேரத்தை எவ்வாறு அறிவிப்பது எனத் தோழர்கள் கலந்து பேசியதை நபிமொழித் தொகுப்புகள் பதிவுசெய்துள்ளன. கொடியை உயர்த்தலாம் என்றும், தீ மூட்டலாம் என்றும், யூதரைப் போலக் கொம்பு ஊதலாம் என்றும், கிறித்தவரைப் போல நாகூசு என்னும் தட்டுகருவியை ஒலிக்கலாம் என்றும் கருத்துகள் எழுந்தன. இறுதியில் மனிதக் குரலே தேர்ந்தெடுக்கப்பட்டது. பிலால் முதல் அழைப்பாளர் ஆனார். கொடியைப் பார்ப்பவரே அறிவர்; உறங்குவோரும் தொழிலில் ஆழ்ந்திருப்போரும் அறியார். கொம்பும் தட்டுகருவியும் அழைக்கும், எதற்கென்று சொல்லா. குரல் அழைப்பதோடு அழைப்பின் பொருளையும் சொல்கிறது. ஆராய்ச்சி மணியிடம் நாம் கண்ட குறை இங்கே நீங்கிவிடுகிறது.

பழங்காலக் கேரளப் பள்ளிவாசல்கள் உயர்ந்த கோபுரங்கள் இன்றிச் சரிந்த கூரையோடு அமைந்தவை. மலபார்ப் பழம்பள்ளிகள் சிலவற்றில் அழைப்புக்கு முன் நகரா என்னும் பெருமுரசை முழக்கும் வழக்கம் இருந்தது. தமிழகத்தில் நாகூர் முதலிய இடங்களிலும் நகரா அறியப்பட்டதே. முரசு கவனத்தை ஈர்க்கிறது. குரல் பொருளை விளக்குகிறது. ஓர் அறிவிப்பை இவ்வாறு இரு படிகளாகப் பிரித்தமை சிறந்த உத்தியாகும்.

யூத மரபில் கொம்பும் எக்காளமும் இடம்பெறுகின்றன. விவிலியத்தின் எண்ணாகமம் வெள்ளி எக்காளங்கள் இரண்டைப் பற்றிக் கூறுகிறது. இரண்டையும் ஊதினால் மக்கள் அனைவரும் கூடவேண்டும். ஒன்றை மட்டும் ஊதினால் தலைவர்கள் கூடவேண்டும். பாளையம் புறப்படுவதற்கு வேறு ஒலி. ஒரே கருவியின் ஒலியை வேறுபடுத்திப் பொருளை வேறுபடுத்தும் முறை இது.

அதே மரபு கண்வழி அறிவிப்பின் இடரையும் பதிவுசெய்துள்ளது. புதுப்பிறை தோன்றியதை மலைக்கு மலை தீப்பந்தம் ஏற்றி அறிவித்த முறையை மிஷ்னா கூறுகிறது. பின்னர் மாற்றுப் பிரிவினர் தவறான காலத்தில் தீயேற்றிக் குழப்பம் விளைவித்ததால் அம்முறை கைவிடப்பட்டுத் தூதுவரை அனுப்பும் முறை மேற்கொள்ளப்பட்டது. தீ எவர் ஏற்றினாலும் தீயே. யார் அனுப்பியது என்பதை அது காட்டாது. விரைவு மிகுந்த குறி நம்பகம் குறைந்ததாயிற்று. விரைவு குறைந்த தூதன் நம்பத்தக்கவன் ஆனான்.

கிறித்தவ மரபில் மணி நிலைபெற்றது. எனினும் பெரிய வியாழன் மாலை முதல் உயிர்ப்பு விழாத் திருவிழிப்பு வரை கத்தோலிக்க ஆலயங்களில் மணி ஒலிப்பதில்லை, மரத்தட்டியே ஒலிக்கிறது. மணியின் நிறுத்தமும் ஓர் அறிவிப்பாகிறது என்பது இதனால் பெறப்படும்.

மட்டாஞ்சேரியின் மணிக்கூண்டு இவற்றினின்று வேறுபட்டது. பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தை ஒட்டி 1760இல் எசெக்கியேல் இராகாபி என்னும் வணிகர் இதனைக் கட்டுவித்தார். டச்சு வணிகக் கும்பினியோடு நெருங்கிய தொடர்புடையவர் இவர். இதன் வெவ்வேறு முகங்களில் எபிரேயம், உரோமன், மலையாளம் ஆகிய வெவ்வேறு எண்வகைகள் இடம்பெற்றுள்ளன. 1990களின் இறுதியில் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் துணையோடு இக்கூண்டு பழுதுபார்க்கப்பட்டது. கண்வழி அறிவிப்பின் அடிப்படைத் தேவையை இம்முகங்கள் தெளிவாக உணர்த்துகின்றன. பார்ப்பவர்க்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் குறி அமையவேண்டும். ஒலிக்கு இக்கட்டுப்பாடு இல்லை. மணியோசையைக் கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை.

ஒளி முந்தும், ஒலி பிந்தும்

இருவகைக் குறிகளுக்கும் இடையே இயற்பியல் அடிப்படையிலான வேறுபாடும் உண்டு. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. மூன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் வெடிக்கும் பீரங்கியின் ஓசை ஏறத்தாழ பத்து நொடி கழித்தே செவியை எட்டும். ஒளிக்கு இத்தகைய காலத்தாழ்ச்சி உணரத்தக்க அளவில் இல்லை. கப்பலின் காலமானியைச் சரிபார்க்க நேரும்போது இவ்வேறுபாடு பெரும்பிழைக்கு இடமாகும். நிலநடுக்கோட்டருகே காலக்கணிப்பில் நேரும் நான்கு நொடிப் பிழை, கப்பலின் இருப்பிடத்தை ஒரு கடல்மைல் அளவு மாற்றிக் காட்டும். இதனாலேயே 1833 முதல் கிரீனிச் வானாய்வுக் கூடத்தில் நாள்தோறும் பிற்பகல் ஒரு மணிக்குக் கம்பத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து விழுமாறு செய்யப்பட்டது. பந்து விழத் தொடங்கும் கணமே நேரக்குறி. மாலுமி அதனைக் கண்ணால் கண்டு தன் காலமானியைத் திருத்திக்கொண்டான்.

ஆயினும் பந்து விழும் முறைக்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. மாலுமி அந்நேரத்தில் அத்திசையை நோக்கிக் காத்திருக்க வேண்டும். அதற்காகவே பந்து ஐந்து நிமிடம் முன்னதாகப் பாதி உயரத்துக்கும், பின்னர் உச்சிக்கும் ஏற்றப்பட்டது. எதிர்பார்த்திருப்பவனுக்கு ஒளிக்குறி துல்லியமானது. எதிர்பாராதவனுக்கு அது இல்லாததற்குச் சமம். எதிர்பாராதவனையும் எட்டுவது ஒலியே. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டே பிற்கால எழுத்துக்கருவிகளின் வரலாற்றையும் அணுக வேண்டும்.

தட்டச்சுப்பொறி மணியும் தொலையச்சு மணியும்

எழுதும் கருவியில் மணி புகுந்தது தட்டச்சுப்பொறியின் காலத்தில். ரெமிங்டன் நிறுவனம் 1874இல் சந்தைக்குக் கொண்டுவந்த பொறிக்குப் பின் வளர்ச்சியுற்ற தட்டச்சுப்பொறிகளில், வரியின் வலப்புற ஓரத்தை அடையச் சில எழுத்துகள் எஞ்சியிருக்கும்போது சிறுமணி ஒன்று ஒலித்தது. தட்டச்சர் மணியைக் கேட்டுச் சொல்லை முடித்து, தாளுருளையை இழுத்து அடுத்த வரிக்குச் செல்வார். பயிற்சி பெற்ற தட்டச்சரின் கண் தாளின் மீது இராது. பக்கத்தில் வைத்த மூலப்படியின் மீதே இருக்கும். ஆகவே இங்கு ஒலிக்குறி பொருத்தமான தேர்வு. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப்பொறியும் பின்வந்த பிற தமிழ்ப் பொறிகளும் பரவியபோது, தட்டச்சுப் பயிலகங்களில் பயின்ற தலைமுறையினர் இம்மணியோடு இயைந்தே தமிழெழுதப் பழகினர்.

தொலையச்சுக் கருவிகளில் மணிக்குப் புதியதொரு நிலை கிட்டியது. தட்டச்சுப்பொறியில் மணி பொறியின் உறுப்பு மட்டுமே. தொலையச்சில் அது ஓர் எழுத்துக்கு நிகரானது. தொலைவில் உள்ளவர் மணிக்குரிய குறியீட்டை அனுப்பினால் இங்குள்ள கருவியில் மணி ஒலிக்கும். செய்தி முகமைகள் செய்தியின் அவசரத்துக்கேற்ப மணியொலிகளின் எண்ணிக்கையைக் கூட்டி அனுப்பின. அறையின் மறுகோடியில் இருந்த செய்தியாசிரியர் மணிகளை எண்ணியே செய்தியின் முதன்மையை அறிந்தார். எண்ணாகமத்தின் எக்காள முறையை இது ஒத்துள்ளமை காணத்தக்கது.

1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறியீட்டு முறையில் மணிக்கு ஏழாம் எண் ஒதுக்கப்பட்டது. ஆங்கில நெடுங்கணக்கில் ஏழாவதான ‘ஜி’ எழுத்தைக் கட்டுப்பாட்டு விசையோடு அழுத்தினால் இக்குறி பிறக்கும். ஒலியே இல்லாத எழுத்துகளின் பட்டியலில் ஒலி மட்டுமேயான ஓர் எழுத்து இவ்வாறு இடம்பெற்றது. இதற்கு வரிவடிவம் இல்லை. ஒலிவடிவம் மட்டுமே உண்டு. ஒலியெழுத்து, வரியெழுத்து எனப் பகுத்து எழுத்திலக்கணம் கற்ற தமிழறிஞர்க்கு இது சுவையான செய்தியாகும்.

உரைத்தொகுப்பிகளில் தேர்வு

யூனிக்ஸ் இயங்குதளத்துக்காகக் கென் தாம்சன் எழுதிய ‘எட்’ என்னும் உரைத்தொகுப்பி தாளில் அச்சிடும் முனையங்களுக்கு உரியது. பயனர் தவறிழைத்தால் அது ஒரு கேள்விக்குறியை மட்டும் அச்சிட்டது. தவறு யாது என்று சொல்லவில்லை. இது கண்வழிக் குறியே. எனினும் ஆராய்ச்சி மணியைப் போலவே காரணம் கூறாத குறி.

திரையுடைய முனையங்கள் பரவியபின் 1976இல் பில் ஜாய் ‘விஐ’ தொகுப்பியை உருவாக்கினார். அதில் செய்யவியலாத கட்டளைக்கு முனையத்தின் மணி ஒலித்தது. கட்டளைநிலையில் இருக்கும்போதே விடுபடு விசையை அழுத்தினாலும் மணி ஒலிக்கும். தாம் எந்நிலையில் உள்ளோம் என்று ஐயுறுவோர் அவ்விசையை அழுத்தி மணி கேட்டுத் தெளிந்தனர். பிழையறிவிப்பாக வைக்கப்பட்ட ஒலி நிலையறிவிப்பாகவும் பயன்பட்டமை இதனால் தெரிகிறது.

பலர் கூடி அமர்ந்து பணிசெய்த முனைய அறைகளில் இம்மணி இடையூறாயிற்று. ஒருவர் இழைத்த பிழை அறையில் உள்ள அனைவர்க்கும் பறைசாற்றப்பட்டது. இதற்கு மாற்றாகத் தோன்றியதே கண்வழி மணி. 1978இல் வெளிவந்த விடி 100 போன்ற முனையங்களில், திரையின் கருமையையும் வெண்மையையும் ஒருகணம் மாற்றி மீட்டால் திரை மின்னுவதுபோல் தோன்றும். இமேக்ஸ் தொகுப்பி இதற்கெனத் தனியோர் அமைப்பை வழங்கியது. பிராம் மூலெனார் உருவாக்கி 1991இல் வெளியிட்ட விம் தொகுப்பியின் வழியில் வந்த பதிப்புகளிலும் அத்தகைய அமைப்பு இடம்பெற்றது.

முனையத்திரையைக் கையாளும் கர்சஸ் என்னும் நிரற்றொகுப்பின் விதி இங்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அதில் ஒலிப்பதற்கொரு கட்டளையும் மின்னுவதற்கொரு கட்டளையும் உள்ளன. முனையத்தால் ஒலிக்க இயலாதெனில் ஒலிக்கும் கட்டளை திரையை மின்னச் செய்யும். மின்ன இயலாதெனில் மின்னும் கட்டளை ஒலியெழுப்பும். கருவியின் இயலாமையால் அறிவிப்பு தவறிவிடலாகாது என்னும் கொள்கை இதில் அடங்கியுள்ளது.

காலப்போக்கில் வினாவே மாறியது. ஒலியா ஒளியா என்னும் ஒற்றைத் தேர்வுக்கு மாற்றாக, எந்தக் காரணத்துக்கு அறிவிப்பு வேண்டும் என்னும் பகுப்பு தோன்றியது. 2016இல் வெளிவந்த விம் 8ஆம் பதிப்பில், மணி ஒலிப்பதற்கான காரணங்கள் பட்டியலிடப்பட்டு, வேண்டாதவற்றை மட்டும் நிறுத்திவைக்க வழியுள்ளது. விடுபடு விசைக்கு மணி வேண்டாம், பிற பிழைகளுக்கு வேண்டும் எனப் பயனர் வகுத்துக்கொள்ளலாம். சொற்செயலிகளோ வேறொரு வழியை மேற்கொண்டன. 1995ஆம் ஆண்டின் மைக்ரோசாஃப்ட் வேர்டு பதிப்பில், தட்டச்சிடும்போதே எழுத்துப்பிழையின் கீழ்ச் சிவப்பு அலைக்கோடு தோன்றியது. இது தோன்றி மறையும் குறியன்று. பிழை திருத்தப்படும் வரை நிற்பது. மின்னலும் மணியும் பிழை நேர்ந்த கணத்தைக் காட்டுகின்றன; அலைக்கோடு பிழை உள்ள இடத்தைக் காட்டுகிறது. பட்டினப்பாலையின் கொடிக்கும் மணிமேகலையின் முரசுக்கும் உள்ள வேறுபாடே இதுவாகும்.

பயனரின் நிலை

எவ்வகைக் குறி சிறந்தது என்பது பயனரையும் பொறுத்தது. செவித்திறன் குறைந்தோர்க்கு மணி பயனற்றது. அவர்க்காகவே விண்டோஸ் 95 இயங்குதளம் ஒலிக்கு ஈடாகத் திரையின் பகுதியை மின்னச் செய்யும் அமைப்பைக் கொண்டிருந்தது. மக்கின்டாஷ் கணினியின் பழைய பதிப்புகளில் ஒலியளவை முற்றிலும் குறைத்தால் எச்சரிக்கையின்போது மேற்பட்டை மின்னியது. இதற்கு மாறாக, பார்வையற்றோர்க்குத் திரை மின்னுவதும் அலைக்கோடும் பயன்படா. அவர்க்கு ஒலியே வழி; அதிலும் வெறும் ஒலியினும் திரைவாசிப்பான் உரைக்கும் சொல்லே சிறந்தது. இங்கு மீண்டும் மணிக்கும் குரலுக்கும் உள்ள வேறுபாடு தலைதூக்குகிறது.

மின்னும் திரைக்கு மற்றோர் இடரும் உண்டு. விரைந்து மின்னும் ஒளி, ஒளியுணர் வலிப்பு நோயுடையோரைத் தாக்கக்கூடும். 2008ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட இணைய உள்ளடக்க அணுகுதன்மை நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு, எந்த ஒரு நொடியிலும் மூன்று முறைக்கு மேல் மின்னும் உள்ளடக்கத்தைத் தவிர்க்க வேண்டுமென வகுத்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையை வலியுறுத்துகிறது. ஆகவே இத்தேர்வைத் தனிமனித விருப்பமாக மட்டும் கருதுதல் போதாது.

தமிழ் உரைக்கு உரிய சிக்கல்

மேற்கண்ட வரலாறு தமிழறிஞர்க்கு ஏன் இன்றியமையாதது என்பதை இனிக் காண்போம். மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. புள்ளி என்பது மெய் இதுவென அறிவிக்கும் கண்வழிக் குறியே. ஆயினும் ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ஓலை கிழிந்துபடும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். மேலும் ரகர எழுத்தும் ஆகாரக் காலும் சுவடிகளில் ஒரே வடிவில் எழுதப்பட்டன. உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் இவ்விரண்டாலும் உற்ற இடர்ப்பாடுகள் நாம் அறிந்தவை. கண் கைவிட்ட இடத்தில் யாப்போசையை அறிந்த செவியே பாடத்தைத் தெளிவித்தது. சீர் சிதைந்தால் செவி எச்சரித்தது.

கணினியில் இச்சிக்கல் தலைகீழாகத் திரும்பி வந்துள்ளது. யுனிகோட் முறையில் ரகரத்துக்கும் காலுக்கும் வெவ்வேறு குறியீடுகள் உள்ளன. ஆயினும் பல எழுத்துருக்களில் ‘ர்’ என்பதும், காலின்மேல் புள்ளியிட்ட ‘ா்’ என்பதும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட உரைகளில் ‘அவர்’ என்பது ‘அவா்’ எனப் பதிவாகியிருத்தலைப் பரவலாகக் காணலாம். இவ்வாறே ‘ஔவை’ என்பது ஒகரமும் ளகரமும் சேர்ந்த ‘ஒளவை’ எனவும், ‘கௌ’ என்பது ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்த ‘கெள’ எனவும் தட்டச்சிடப்படுகின்றன. படிப்பவர் வேறுபாட்டை உணரார். தேடுபொறி உணரும். ஔவையைத் தேடும் ஆய்வாளர்க்கு ‘ஒளவை’ என உள்ளிடப்பட்ட பாடல்கள் அகப்படா. சொல்லடைவு தொகுப்போர்க்கு ஒரே சொல் இருவேறு சொற்களாக எண்ணப்படும்.

சுவடியில் குறியீடு ஒன்றாக இருந்து பொருள் இரண்டாயிற்று. கணினியில் தோற்றம் ஒன்றாக இருந்து குறியீடு இரண்டாயிற்று. சுவடிப் பிழையைச் செவி காட்டிக்கொடுத்தது. கணினிப் பிழையைக் கண்ணும் காட்டாது, உரக்கப் படிக்கும் செவியும் காட்டாது.

இங்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் குறி உள்ளமையையும் சுட்டவேண்டும். உயிர்மெய்க் குறி சேரவேண்டிய மெய்யின்றித் தனித்து நின்றால், பல கணினிகள் அதனைப் புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு இணைத்துக் காட்டுகின்றன. எழுத்துக்குரிய இடம் வெறுமையாக உள்ளது என்பது அவ்வட்டத்தின் பொருள். இது மணியன்று, மின்னலன்று. நின்று காட்டும் குறி. பிழையின் இடத்தையும் இயல்பையும் ஒருசேரக் காட்டுவதால் சிறந்த குறி எனலாம். எனினும் ‘ா்’ போன்ற சேர்க்கைகள் பல கணினிகளில் எவ்வித அடையாளமுமின்றித் தப்பிவிடுகின்றன. ‘ஒள’ என்பதோ இலக்கணப்படி அமையக்கூடிய எழுத்துத்தொடர் ஆதலால் வட்டத்துக்கு அங்கு இடமே இல்லை. ‘ஒளி’, ‘ஒளவை’ ஆகிய இரண்டையும் வேறுபடுத்த அகராதியின் துணை வேண்டும்.

ஆகவே தமிழ் உரைத்தொகுப்பியில் வேண்டப்படுவது வெறும் பீப் ஒலி அன்று. நூறு பக்கச் சங்கப் பாடலை உள்ளிடும் ஒருவர்க்கு ஒவ்வோர் ஐயத்துக்கும் மணி ஒலித்தால், சிறிது நேரத்தில் அவர் மணியை நிறுத்திவிடுவார். பின்னர் உண்மையான எச்சரிக்கையும் அவரை எட்டாது. தவறான தீப்பந்தங்கள் மலைத்தீயின் நம்பகத்தைக் கெடுத்த கதையே இங்கும் நிகழும். ஐயத்துக்குரிய சேர்க்கைகளை நிறத்தாலும் கோட்டாலும் நிலையாகச் சுட்டுவதும், கோப்பு சேமிக்கப்படவில்லை என்பது போன்ற இழப்புக்குரிய நிலைகளில் மட்டும் ஒலியெழுப்புவதும் தக்க முறையாகும்.

முடிவுரை

இக்கட்டுரையில் ஆராயப்பட்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. ஒலிக்குறி நிகழ்வுக்கும் ஒளிக்குறி நிலைக்கும் உரியவை என்னும் பகுப்பு சங்க இலக்கியக் காலந்தொட்டே வழக்கில் உள்ளது. உரைத்தொகுப்பிகளின் மணியும் அலைக்கோடும் அதே பகுப்பைப் பின்பற்றுகின்றன.

2. கொச்சங்காடியிலும் மட்டாஞ்சேரியிலும் அருகருகே வாழ்ந்த மரபுகள் குரல், முரசு, கொம்பு, மணி, எண்முகம் என வெவ்வேறு விடைகளைத் தேர்ந்தன. எவரை எட்டவேண்டும், எதனை உணர்த்தவேண்டும், யார் அனுப்பியதென நம்பவேண்டும் என்னும் மூன்று வினாக்களே அத்தேர்வுகளை வேறுபடுத்தின.

3. ஒரே ஒலியால் எல்லாப் பிழைகளையும் அறிவிக்கும் முறை அழைக்கவல்லது, விளக்கவல்லதன்று. காரணத்துக்கேற்ப அறிவிப்பைப் பகுக்கும் முறையே பிற்காலத் தொகுப்பிகள் கண்ட வளர்ச்சி.

4. செவித்திறன், பார்வைத்திறன் ஆகியவற்றில் பயனர் வேறுபடுதலால், ஒன்று இயலாதவிடத்து மற்றொன்று தானே இயங்கும் அமைப்பு இன்றியமையாதது. விரைந்து மின்னும் குறி தவிர்க்கத்தக்கது.

5. தமிழ் மின்னுரைகளில் கண்ணுக்கும் செவிக்கும் புலனாகாத குறியீட்டுப் பிழைகள் பெருகியுள்ளன. அவற்றை நிலையான கண்வழிக் குறியால் சுட்டும் வசதி உள்ளீட்டு நிலையிலேயே அமைதல் வேண்டும்.

மின்பதிப்பு முயற்சிகளில் ஈடுபட்டுள்ள பல்கலைக்கழகத் துறைகள், உள்ளிட்ட உரையை வெளியிடுவதற்கு முன் இவ்வகைச் சேர்க்கைகளைத் தேடித் திருத்தும் வழக்கத்தை மேற்கொள்ளலாம். ஓலையில் இடப்படாத புள்ளியால் பதிப்பாசிரியர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழைக்க நேர்ந்தது. திரையில் தவறாக இடப்படும் காலையும் புள்ளியையும் இன்றே சுட்டிக்காட்டும் கருவி அமையுமானால், அடுத்த தலைமுறை ஆய்வாளர்க்கு அவ்வுழைப்பு எஞ்சாது.